படி அளவுக்கு ஒரு வாசல்

அறுவத்தெட்டோ அறுவத்தொம்போதோ, வருசம் சரியா நெனப்பில்ல. செம்பாக்கம் ஏரி ரொம்பி தளும்பின வருசம், அது மட்டும் நல்லா தெரியும். நான் கல்யாணம் ஆயி அந்த வூட்டுக்கு வந்து ஆறு மாசம். எனுக்கு எழுத படிக்கத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதறா. நடுவுல நடுவுல சிரிக்கறா, நீங்க கண்டுக்காதீங்க.

எங்க வூட்ல நெல்லு, புளி, வெல்லம் எல்லாம் நடு ரூம்புல கெடக்கும். ஜன்னல் கெடயாது, மேலயும் பலக அடிச்சிருக்கும். இருக்கறது ஒரே கதவு. பலா மரத்து கதவு. எங்க மாமியாரோட அப்பா தன் தோப்பு மரத்த அறுத்து சீதனமா குடுத்தது. மாமியார் வெள்ளிக்கெயம தவறாம அத எண்ண போட்டு தொடப்பாங்க. என் கன்னத்த கூட யாரும் அவ்ளோ ஆசையா தொட்டதில்ல, போங்க! சாவி அவங்க இடுப்புல. தூங்கறப்போ கூட கீழ எறங்காது. ஒரு ஆழாக்கு அரிசி வேணும்னாலும் நான் போயி நிக்கணும்.

ஒரு நாள் விடியக்காலம் எங்களுக்கு அரிசிய அளந்து படியோட வெளிய வெச்சிட்டு, ரூம்ப பூட்டிகினு, தெரு பொம்பளைங்களோட திருப்பதிக்கு மொட்ட போட கெளம்பிட்டாங்க. வர மூணு நாளு ஆவும். மத்தியானம் ரூம்புக்குள்ளருந்து கீச்சு கீச்சுனு சத்தம். எங்க பூனை மூட்டைக்குப் பின்னால குட்டி போட்டுகீது, யாருக்கும் தெரியல. தாய் வெளிய வந்த நேரம் பாத்து மாமியார் பூட்டிட்டாங்க. உள்ள குட்டிங்க கத்துது, வெளிய தாய் கதவ பிராண்டுது. எனுக்கு சோறு எறங்கல.

வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "அந்த கதவு மேலயா கை வெக்கப் போற? நான் ஏரிக்கரைக்கு போறேன். எதுவும் பாக்கல, எதுவும் கேக்கல"ன்னு துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு பூட்டாரு. வீரன்!

நானே ஓடி ஆசாரிய கூட்டியாந்தேன். அவரு கதவ தடவிப் பாத்துட்டு, "இன்னாம்மா, இதுல ஓட்ட போட்டா வூட்டுல இருக்கற லட்சுமி பூடுவா"ன்னாரு.

"லட்சுமி இன்னா பூனை சைஸா? நீ அறு!"ன்னேன்.

சிரிச்சிட்டாரு. "சரி, எவ்ளோ பெருசு?"ன்னாரு. எனுக்கு ஸ்கேலு டேப்பு இன்னா தெரியும்? அரிசி அளக்கற படிய எடுத்தேன். பூனைய மடக்கிப் புடிச்சி அது தலைய படிக்குள்ள வுட்டுப் பாத்தேன். மீச தட்டாம போச்சி. தலை போனா ஒடம்பும் போவும்னு ஒரு கணக்கு. படிய கதவு மேல வெச்சி கரியால வட்டம் போட்டேன். அந்த பூனை கீறின கோடு இன்னும் கைல கீது. ஆசாரி அறுத்து முடிச்சி நிமுர்றதுக்குள்ள பூனை அவரு கால் சந்துல பூந்து உள்ள பூடுச்சி. கொஞ்ச நேரத்துல குட்டிங்க சத்தம் அடங்குச்சி. நான் கதவுல சாஞ்சி ஒக்காந்து அழுதுட்டேன்.

அப்புறம் தான் பயம். ரெண்டு நாளும் பொறந்த வூட்டுக்கு மூட்ட கட்றதா வேணாமான்னு யோசன.

மாமியார் மொட்டத் தலையும் லட்டுமா வந்தாங்க. கதவ பாத்தாங்க. குனிஞ்சி வட்டத்த வெரலால சுத்தினாங்க.

"இது என் படி அளவாச்சே?"

"ஆமா அத்த. குட்டிங்க உள்ள மாட்டிகிச்சி அத்த..."

அந்த நேரம் பாத்து பூனை அந்த ஓட்டைல தலைய நீட்டி, அவங்க மொட்டய உத்துப் பாத்துச்சி. மாமியாருக்கு சிரிப்பு பொத்துகினு வந்துச்சி. வயித்த புடிச்சிகினு சிரிச்சாங்க.

"நீ வந்தன்னிக்கி வாசல்ல அரிசி ரொப்பி வெச்ச படிய கால்ல தள்ளிட்டு உள்ள வந்தே. இவ படிக்குள்ளயே பூந்து வரா. இவளும் எனுக்கு மருமவ தாண்டி!"

அதோட வுடல. மஞ்ச கொழச்சி அந்த வட்டத்த சுத்தி பூசி, குங்குமம் வெச்சாங்க. கீழ உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கோலம். அப்புறம் இடுப்புலருந்து சாவிய அவுத்தாங்க. கதவுப் பக்கத்து ஆணில மாட்டிட்டு, "இனிமே நீயே தெறந்துக்க, என்ன கேக்காத"ன்னு லட்ட என் கைல வெச்சாங்க.

மாமியாரும் போய் சேந்துட்டாங்க, பூனைங்களும் இல்ல. ஓட்டைய அடைச்சிடலாமான்னு பையன் கேக்கறான், நான் வுடல. இன்னிக்கும் வெள்ளிக்கெயமயில அந்த வட்டத்துக்கு மஞ்ச பூசறப்போ, அந்த வூட்டுக்குள்ள நான் நெசமா காலு வெச்சது கல்யாணத்தன்னிக்கி இல்ல, அந்த பூனை உள்ள போன அன்னிக்கி தான்னு தோணும்.