சிகாமணி சாரின் சாயங்காலக் கால்

பக்கத்து வீட்டு போனில் செய்தி வந்தபோது என் முகத்தில் பாதி சோப்பு இருந்தது. "ட்ராயிங் மாஸ்டர் சிகாமணி சார் காலைல தவறிட்டாருங்க." மீதிச் சவரத்தை மறந்து பஸ் ஏறிவிட்டேன். கள்ளக்குறிச்சியில் அவர் வீட்டு வாசலில் நின்ற பழைய சக ஆசிரியர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்தார்கள், பிறகுதான் அழுதார்கள்.

சாருக்குப் பாத மூட்டுகளில் வாதம் என்பது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர் அறையில் மேசைக்கடியில் கால்விரல்களால் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பார். டாக்டர் சொன்ன பயிற்சி. "சார் மேசைக்கடியில் கோழி வளர்க்கிறார்" என்று பள்ளி முழுக்கப் பரப்பியவன் நான்தான். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "அசைக்காம வுட்டா துரு புடிச்சிடும்யா" என்பார்.

செருப்பு வாங்க நாமெல்லாம் காலையில் போவோம். அவர் காலையில் செய்தித்தாள்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சில் ஓட்டுவார். மாலையில் அதே தாளில் சிவப்புப் பென்சில். சிவப்புக் கோடு ஒரு விரல் வெளியே நிற்கும். "பாத்தியா? சாயங்காலக் காலுக்குத்தான்யா செருப்பு வாங்கணும்." அந்தச் சிவப்புக் கோட்டைக் கடையில் கொடுத்து, முன்பக்கம் அகலமாக, அடியில் மெத்தென்ற ரப்பரோடு, வீங்கினால் தளர்த்திக்கொள்ள வாரும் வைத்து ஒரு ஜோடி செய்துகொண்டார். பார்க்க இரண்டு முறம். ஆனால் அதைப் போட்ட நாளிலிருந்து அவர் நொண்டவில்லை.

அதைத் தொலைத்தவன் நான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடம். "அவருக்குக் கால்ல சனி. கோயில்ல செருப்பு தொலைஞ்சா பீடை போயிடும்" என்றார் என் ஜோசியர். அந்த முறங்களை எந்தத் திருடன் தொடுவான்? சாரைத் திருக்கோவிலூருக்கு அழைத்துப் போனேன். அவருக்கு முன்னால் கோயிலை விட்டு வெளியே வந்து, வாசலில் நின்ற ஒருவருக்குச் செருப்பைத் தானம் செய்துவிட்டேன். சுடும் தரையில் சார் தத்தித் தத்தி பஸ் நிலையம் வந்தார். பின்னால் நான், புண்ணியம் சம்பாதித்த முகத்தோடு.

அந்த வாரமே போராட்டக்காரர்கள் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டார்கள். பஸ் இல்லை, கடை இல்லை. கல்வராயன் மலைப் பள்ளி ஒன்றில் பதினோரு பிள்ளைகளுக்கு ஓவியத் தேர்வு. சார் போகாவிட்டால் அவர்களுக்கு ஒரு வருடம் வீண். இறுக்கமான பழைய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மனசாட்சி குத்தவே சைக்கிளில் ஏற்றிக்கொண்டேன். வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் போராட்டக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா வாத்தியாரே, எங்க போய்க்கினு இருக்கீங்க?"

"மலைக்குப்பா. புள்ளைங்களுக்குப் பரீட்சை."

"புள்ளைங்க படிப்புக்குத்தாங்க நாங்களும் மரத்தைப் போட்டுக்கினு குந்தியிருக்கோம். எறங்குங்க, தூக்கி வுடுறோம்." சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பிறகு சாரையும்.

அடிவாரத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்தோம். ஐந்து கிலோமீட்டர் ஏற்றம். இரண்டாவது வளைவில் அவர் செருப்பில் ரத்தத்தைப் பார்த்தேன். அதற்குமேல் தாங்கவில்லை.

"சார், உங்க செருப்பு தொலையல. நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன். சனி போவட்டும்னு..."

சார் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கய்யா போச்சு? ரெண்டு கால் வெச்சு என்கூடவே நடந்துக்கினு வருதே!"

சிரித்துவிட்டு நடந்தார். போய்ச் சேர்ந்தார். தேர்வு நடந்தது.

பிள்ளைகள் வரைந்துகொண்டிருக்கும்போது சமையல்கார அம்மா அண்டாவில் உப்புப் போட்ட வெந்நீர் கொண்டுவந்தார். சாரால் குனிய முடியவில்லை. நான் தரையில் உட்கார்ந்தேன்.

"வேணாம்யா. நாளைக்கே ஊரெல்லாம் சொல்லிடுவ."

"சொல்ல மாட்டேன் சார்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு மெதுவாகக் கால்களைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

என் வாயில் தங்கிய ஒரே ரகசியம் அதுதான். இன்றைக்கு அதையும் உங்களிடம் கொட்டிவிட்டேன். இனி என்னிடம் மிச்சம் இருப்பது, என் மடியில் ஈரத்தோடு கிடந்த அந்த இரண்டு பாதங்களின் கனம் மட்டுமே.