வளைவில் இருந்த வீடு

துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றைப் பிரித்து, துப்பாக்கிகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, நானும் என் தோஸ்தும் அதை ஆட்டோ ரேஸ் ஆக்கினோம். இப்படி மாற்றுவதற்கு மாட் என்று பெயர். இலவசமாக இணையத்தில் போட்டோம். யார் வேண்டுமானாலும் இதை மாற்றிக்கொள்ளலாம் என்று கீழே எழுதியும் வைத்தோம். பெரிய தர்மப் பிரபுக்கள்.

ரேஸ் ராயபுரத்தில் ஆரம்பித்து எண்ணூர் முகத்துவாரத்தில் முடியும். நான் கடைகளில் கேமரா மாட்டுகிறவன். போகிற தெருவை எல்லாம் படம் எடுத்து வருவேன். அவனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் உட்கார்ந்து சுவர் சுவராகக் கட்டினோம்.

அந்தத் துப்பாக்கி விளையாட்டில் வண்டியே கிடையாது. ஓடுகிற ஆள் மட்டும்தான். வேறு வழி தெரியாமல் அந்த ஆள் மேலேயே ஆட்டோவைக் கவிழ்த்தோம். வெளியே பார்த்தால் ஆட்டோ, உள்ளே ஒருத்தன் ஓடிக்கொண்டிருப்பான். சுவரில் மோதினால் ஆட்டோ "ஆ" என்று அலறும். அதை மட்டும் எங்களால் நிறுத்த முடியவில்லை.

"வுடு மாமு, நம்ம ஊரு ஆட்டோ அப்டித்தான் கத்தும்" என்றான் தோஸ்து.

திருவொற்றியூர் தாண்டி ஒரு வளைவு. அதில் அவன் தன் வீட்டை வைத்தான். நிஜத்தில் அந்த வீடு இல்லை. லாரி போவதற்காகச் சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். அவனையும் அவன் அம்மாவையும் கடல் காற்றே வராத ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். வீட்டின் போட்டோ ஒன்றுகூட அவர்களிடம் இல்லை. தினமும் தூங்கி எழுகிற வீட்டை எவன் போட்டோ எடுத்து வைப்பான்? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கட்டினான்.

"இன்னாடா கலரு இது, கலீஜா கீது. படகுக்கு அட்ச்ச பெய்ன்ட்டு மீந்துச்சே, அந்தப் பச்சடா கதவு."

"அந்தப் பச்ச இதுல இல்லமா."

"அப்போ இது எவன் வூடு?"

அவள் தலையாட்டும்வரை பச்சையைக் கலந்துகொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவனை ஓட்டச் சொல்வாள். வளைவு வந்ததும், "வூட்டாண்ட நிறுத்து நைனா" என்பாள். ஆட்டோ பச்சைக் கதவுக்கு முன்னால் நிற்கும். உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்து எங்களோடு ரேஸ் ஓட்டுகிறவர்கள் பின்னால் வந்து மோதி அலறுவார்கள். "கண்ணு பொட்டையாடா?" என்று திரையைப் பார்த்துத் திட்டுவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிறகு ரேஸ் ஓட்டுகிறவர்களிடமிருந்து புகார்கள் வந்தன. அந்த வீடு ரோட்டில் நீட்டிக்கொண்டிருக்கிறது, வேகம் குறைகிறது, எடுத்துவிடுங்கள். அன்றைக்கு நிஜ வீட்டில் நோட்டீஸ் ஒட்ட வந்த ஆளும் இதைத்தான் சொன்னான்.

"என் வூட்ட நானே இடிக்கணுமா?" என்றான் தோஸ்து. எடுக்கவில்லை.

ஊர் பேர் தெரியாத ஒருத்தன் எடுத்தான். எங்கள் ரேஸை இணையத்திலிருந்து அப்படியே இறக்கி, வளைவை நிமிர்த்தி, சாலையை அகலமாக்கி, வீடு இருந்த இடத்தில் புல் போட்டு வெளியிட்டான். எங்கள் ஊரில், புல். எங்களுக்கு நன்றி வேறு சொல்லியிருந்தான். எல்லோரும் அதற்குத் தாவிவிட்டார்கள். அவனை நாறடித்து எழுத உட்கார்ந்தேன். தோஸ்து தடுத்தான்.

"அவன் மேல இன்னா தப்பு மாமு? மாத்திக்கோன்னு நாமதானே எய்தி வச்சோம்."

அவன் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது. இடித்த இரண்டு முறையும் எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

அடுத்த ஞாயிறு அம்மா வந்தாள். எங்கள் பழைய ரேஸைப் போட்டோம். ராயபுரத்திலிருந்து வளைவுவரை வேறு ஒரு ஆட்டோ இல்லை. வீட்டாண்ட நிறுத்தினான். அவள் திட்டுவதற்குத் தயாராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா, ஒருத்தனையும் காணோம்?"

"அல்லாரும் புது ரோட்ல போறாங்கமா."

"அங்க நம்ம வூடு?"

அவன் ஆட்டோவைப் பச்சைக் கதவை ஒட்டி இன்னும் கொஞ்சம் நகர்த்தினான்.

"சரி, வண்டிய எடு" என்றாள்.

அதற்கப்புறம் அவள் எங்கேயும் நிறுத்தச் சொன்னதில்லை.