குளக்கட்டில் நின்றுபோன படம்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் கூடிவிட்டது. முன்னுக்குப் பின் மாறி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். புதுக்குடியிருப்பில் எங்கள் வீடு. விதைக்கு நிலக்கடலை, எங்கள் பேச்சில் கச்சான், உடைக்கும் நாட்களில் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஒரு பழைய காதல் நாவலை எல்லோருக்கும் உரக்க வாசிப்பா. வாசிக்கிறவர் கச்சான் உடைக்கத் தேவையில்லை. அதற்காகவே வாசிக்கிறா என்று அம்மா சொல்லுவா.

அந்தக் கதையில் ஒருவனை விரும்பின பெண்ணுக்குத் தகப்பன் வேறிடத்தில் கலியாணம் பேசுகிறார். பெண் யாரோடும் ஒரு சொல் பேசாமல் குளத்தில் இறங்கிவிடுகிறாள். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குப் பயம் பிடித்தது. எங்கள் வீட்டிலும் அம்மப்பா கனகராயன்குளம் என்ற ஊரில் சின்னம்மாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார். சின்னம்மாவுக்கோ, எங்கள் வயலுக்கு உழவு மெசின் ஓட்ட வந்தவரில் விருப்பம். அவருடையது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அந்தக் கலியாணக் கதையே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அம்மப்பா சொல்லிவிட்டார். சின்னம்மா ஒன்றும் பேசவில்லை. புத்தகத்துப் பெண்ணும் அப்படித்தானே பேசாமல் இருந்தாள்.

சின்னம்மா குளிக்கப் போனால் நானும் பின்னால் குளத்துக்கு ஓடுவேன். அவா முழுகினால், தலை வெளியே வரும் வரைக்கும் நான் மூச்சு விடமாட்டேன். தடிமன் பிடித்து மூக்கு ஒழுகியும் அம்மாவிடம் அடி வாங்கியும் போனேன்.

அம்மாவும் அந்தக் கதையைச் சொல்லுவா, ஆனால் தன்பாட்டுக்கு. அம்மாவின் கதையில் அந்தப் பெண் தகப்பன் காட்டினவனைக் கட்டி, பிள்ளை குட்டியோடு நன்றாக இருப்பாள். சின்னம்மாவின் காதில் விழும்படிதான் சொல்லுவா.

அந்த நேரம் பக்கத்து வளவில் ஒரு பிள்ளை பெரியவளானதுக்குச் சாமத்தியவீடு வந்தது. மறுநாள் பகல் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, யன்னல்களுக்கு உரப்பை கட்டி இருட்டாக்கிப் படம் போட்டார்கள். அதே கதை. படத்தில் அவள் சாகமாட்டாள் என்று யாரோ சொன்னதால் நான் முன்னுக்குப் போய் இருந்துகொண்டேன்.

புத்தகத்தில் அவள் மெலிந்தவள், வாய் திறவாதவள். படத்திலோ கொழுத்த கன்னம், அழும்போதும் பாட்டு. "சாகப் போறவளுக்கு என்னடி இவ்வளவு பவுடர்?" என்று அந்த வீட்டு மாமி கேட்க எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் குளக்கட்டில் ஏறி நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள். அந்த இடத்தில் ஜெனறேற்றர் எண்ணெய் முடிந்து நின்றுபோனது. வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது.

அவன் ஓடி வந்து தூக்குவான் என்றா மாமி. வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பாள் என்றா அம்மா. நான் சின்னம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கோ என்று அழத் தொடங்கிவிட்டேன்.

"புத்தகத்தில அவளைத் தண்ணியில தாட்டால் கதை முடிஞ்சுது. படத்தில அவன் வந்து தூக்கினால் முடிஞ்சுது," என்றா சின்னம்மா. "எனக்கு விடிஞ்சால் ஆட்டுக்குக் குழை வெட்டவேணும். எழும்பு, போவம்."

சில நாளில் சின்னம்மா கனகராயன்குளத்து மாப்பிள்ளைக்கு ஓம் சொல்லிவிட்டா. உழவு மெசின்காரர் அடுத்த போகத்துக்கு வரவில்லை. எனக்கு அதொன்றும் பெரிதாகப் படவில்லை. சின்னம்மா சாகவில்லை, அது போதும். கலியாணத்தன்று கூறைச்சேலையோடு இருந்த சின்னம்மாவின் காதில் போய், "நீங்கள் குளத்தில இறங்கேல்லை, என்ன?" என்று சந்தோஷமாகக் கேட்டேன். அவா என் கையை நோகுமளவுக்கு இறுக்கிப் பிடித்தா. அவாவுக்கும் சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தப் படத்தின் முடிவை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பெயரும் மறந்துவிட்டது. யாராவது பார்த்திருந்தால், குளக்கட்டில் நின்றவள் என்ன செய்தாள் என்று எழுதுங்கோ. புத்தகத்தையும் படத்தையும் சின்னம்மாவையும் நான் எங்காவது குழப்பியிருந்தால், அதையும் பார்த்துத் திருத்திவிடுங்கோ.