ஒரு சாண் கோட்டில் நான் சொன்ன பொய்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது புதுச்சேரியில் முதலியார்பேட்டைப் பக்கம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஆலையில் வேலை. நான் வீட்டிலேயே மிஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் காலையில் குனிந்த தலை சாயங்காலம்தான் நிமிரும். பத்து வருஷம் இப்படிப் போனதில் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பு முழுக்கத் திரும்பித்தான் பார்க்க வேண்டும். வலி தோளில் இறங்கி விரல் நுனிவரை மரத்துப் போகும். தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்துச் சலித்துவிட்டேன்.

அந்தச் சமயம் ஊரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், நாள்பட்ட கழுத்து வலிக்கு எந்த வைத்தியம் கேட்கிறது என்று ஆராய்ச்சி நடந்தது. என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒட்டிய கவர்களுக்குள் சீட்டு வைத்திருந்தார்கள். சீட்டில் என்ன வருகிறதோ அந்த வைத்தியம். சிலருக்கு ஒத்தடமும் பயிற்சியும். சிலருக்குக் கழுத்தை இழுப்பது. எனக்கு இழுப்பது வந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, தாடையையும் பிடரியையும் சேர்த்து வாரால் கட்டி, கயிற்றைக் கப்பியில் விட்டு மறுமுனையில் எடையைத் தொங்கவிடுவார்கள். இருபது நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை ஒரு தாள் தருவார்கள். அதில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரே ஒரு கோடு. இடது முனை என்றால் வலியே இல்லை. வலது முனை என்றால் தாங்க முடியாத வலி. நம் வலி எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே பென்சிலால் குறி வைக்க வேண்டும். டாக்டர் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்வார்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேசுவார். என்னைப் போல வாய் திறக்காத ஆளிடம் அதுவரை எந்த டாக்டரும் அப்படிப் பேசியதில்லை. ராத்திரி டியூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காக வந்து நிற்பார். கண் சிவந்திருக்கும்.

இரண்டாம் வாரம் எனக்கு வலி கூடிவிட்டது. இழுத்துவிட்டு எழுந்தால் தலை சுற்றியது. உண்மையாகவே குறியைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி வைத்தேன். டாக்டரின் முகம் வாடிவிட்டது. வார் சரியாகக் கட்டினார்களா, நிமிர்ந்து உட்கார்ந்தீர்களா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல எனக்கு உடம்பு கூசியது. ஒருவர் வேர்த்து விறுவிறுத்துச் சமைத்துப் போடும்போது, குழம்பில் உப்பில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் குறியை இரண்டு விரல்கடை இடது பக்கம் வைத்தேன். அவர் அளந்து பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் வாரா வாரம் என் குறி இடது பக்கமே நகர்ந்தது. தலைசுற்றல் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையை ஆட்டுவேன். தலையை ஆட்டுவதே வலிக்கும். திரும்பி வரும் வழியில் ரயில்வே கேட் பக்கம் கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, சுற்றல் அடங்கினதும் வீட்டுக்கு நடப்பேன். அன்றைக்கு மிஷினில் உட்கார முடியாது. படுத்தேயிருப்பேன்.

நான் போகிற அதே நாளில் குருசுக்குப்பத்திலிருந்து ஒரு அக்கா வருவார். தலையில் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்றதில் அவருக்குக் கழுத்து போயிருந்தது. அவருக்குச் சீட்டில் பயிற்சி வந்தது. காலிக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில்தான் உட்காருவார். எனக்கும் சேர்த்து அவரே பேசுவார். குறி வைக்கச் சொன்னால் பென்சிலை வலது முனையில் அழுத்திவிட்டு, "கோடு பத்தல தம்பி, இன்னும் கொஞ்சம் நீட்டிப் போடு" என்பார். டாக்டரே சிரித்துவிடுவார்.

மூன்று மாதம் இப்படிப் போயிற்று. எங்கள் இரண்டு பேருக்கும் கடைசி நாள். டாக்டர் அந்த அக்காவிடம், இழுத்தவர்களில் சிலருக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது, நீங்களும் செய்து பாருங்கள் என்றார். அக்கா அந்த நாற்காலியையும் கயிற்றையும் பார்த்துவிட்டு, "தூக்குல போடற மாதிரி கீதே, எனக்கு வாணாம்பா" என்று எழுந்தேவிட்டார். டாக்டர் கட்டாயப்படுத்தவில்லை. அக்கா கதவுவரை போனவர், நின்று என்னைப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, உனக்குத்தான் நல்லாயிட்சே? நீ சொல்லு. நீ சொன்னா ஒக்கார்றேன்."

டாக்டர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை அக்கா சரி என்று எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

பணியாள் வாரை எடுத்து அவர் தாடைக்குக் கீழே கொடுத்தார். அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மறுநாள் விடிந்தால் அவர் கூடை தூக்க வேண்டும். நடுத்தெருவில், தலையில் பாரத்தோடு அவருக்குச் சுற்றினால் என்ன ஆகும்? எனக்காவது பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது.

"டாக்டர், எனக்குக் கொறையல" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். முதல் மாதத்திலிருந்தே குறையவில்லை, தலை சுற்றுகிறது, குறியெல்லாம் நான் சும்மா வைத்தது என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

டாக்டர் எழுந்து போய் அக்காவின் தாடையில் பாதி கட்டியிருந்த வாரைத் தன் கையாலேயே அவிழ்த்தார். பிறகு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இது வேலை செய்யலைன்னு தெரிஞ்சாலும் எனக்கு அது பெரிய விஷயந்தாம்மா. அதுக்குத்தானே இத்தனையும்" என்றார். என் தாள்களை எல்லாம் தாள் கட்டுக்குள்ளிருந்து தனியாக உருவினார். பன்னிரண்டு தாள். இவற்றை இனிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்தார். மூன்று மாதம் நான் நடந்து வந்தது, அவர் தூங்காமல் வந்து நின்றது, எல்லாவற்றின் மேலும் அந்தக் கோடு விழுந்தது.

வெளியே வந்ததும் அக்கா பிடித்துக்கொண்டார். "அடிப்பாவி, மூணு மாசமா பக்கத்துலயே குந்திகினு இருந்தியே. அவருகிட்ட சொல்ல வெக்கம்னா என்கிட்டயாவது சொல்லக் கூடாதா? நான் இன்னா உன்ன முழுங்கிடவா போறேன்?" என்று கேட்டார். கூடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

எனக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு இழுப்பதை நிறுத்தினார்கள். சுற்றல் நின்றது. ஒத்தடத்துக்காக அடுத்த வாரம் போனபோது அங்கே ஒரு மாற்றம் இருந்தது. எங்களுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் குறி வைக்கிற இடத்துக்குத் தட்டி கட்டி மறைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, பென்சில், பூட்டுப் போட்ட பெட்டி. பெயர் எழுத வேண்டாம், நம்பர் மட்டும் போதும். குறி வைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. என் தாள் எதற்கும் உதவாது என்று தெரிந்தும் ஒன்று கேட்டு வாங்கினேன். துணியில் நூல் பிசகாமல் அளந்து கோடு போடுகிற கைதான் இது. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அந்தத் தாளிலும் பிசகாமல் வைத்தேன். வலது முனைக்குக் கொஞ்சம் முன்னால்.

அந்த ஆராய்ச்சி கடைசியில் என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அந்த வைத்தியம் நல்லது செய்திருக்குமோ என்னவோ, அதுவும் தெரியாது. சில மாதம் கழித்து ஒரு காலை எங்கள் தெருவிலேயே அவர் குரல் கேட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கழுத்து எப்டி கீது? நெசத்த சொல்லு" என்றார். வலிக்குதுக்கா என்றேன். "எனக்குந்தான்" என்று சொல்லி இரண்டு சங்கரா மீனை அதிகமாகவே முறத்தில் போட்டார்.

கழுத்து இன்னும் வலித்துக்கொண்டுதான் இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் பரவாயில்லை என்று சொல்லத்தான் இன்றும் முதலில் வாய் வருகிறது, ஆனால் அந்த அக்கா என்னை நம்பிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்து, சொல்ல வந்ததை நிறுத்திவிட்டு உள்ளதைச் சொல்கிறேன்.