மோட்டார் சுவிட்சுக்கு வந்த செருப்பு

செருப்போடு வீட்டுக்குள் வருகிற ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. அதனால் நேராகவே எழுதுகிறேன்.

நாங்கள் கர்நாடக எல்லையில் ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். என் கணவருக்கு மைசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததும் இங்கே வந்துவிட்டோம். நான் ஒரு மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்கிறேன். விஜயநகர் லேஅவுட்டில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். மாடியில் ஓனரும் அவர் மனைவியும். ஓனர் பென்ஷன்காரர். அவரும் தமிழ்தான், ஆனால் தாத்தா காலத்திலிருந்தே மைசூர். தமிழும் கன்னடமும் கலந்து அடிப்பார். சுத்த சைவம்.

அந்த லேஅவுட்டில் டு-லெட் பலகைக்குக் கீழேயே 'வெஜ் ஒன்லி' என்று எழுதி வைத்திருப்பார்கள். கறி தின்கிறவர்களுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. இவர் கொடுத்தார். "நம்ம தமிழாளுங்கன்னுதான் குடுக்கறேன். கறி கிறி ஆக்கினா ஜன்னல சாத்திக்கோங்க, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றார். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குடிவந்தோம்.

அந்த வீட்டில் ஒரு கோளாறு. தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாருக்கு சுவிட்ச் எங்கள் சமையலறைச் சுவரில் இருந்தது. எந்தப் புண்ணியவான் அங்கே வைத்தானோ. வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் போய்த்தான் அதைப் போட வேண்டும்.

"நானே போட்டு உட்டர்றனுங்க சார். நீங்க எதுக்கு தெனமும் எறங்கி வரணும்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"பேடா, பேடா, வேணாம்மா. உங்களுக்குத் தெரியாது, மறந்துட்டா மோட்டார் சுட்டுப்போகும். நானே வந்து போடறேன்."

வந்தார். காலையில் நாயை நடக்கக் கூட்டிப்போவார். ரோட்டோரம், காலி சைட்டு, குப்பை மேடு எல்லாம் சுற்றிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வருவார். நாயை எங்கள் கிரில் கம்பியில் கட்டுவார். அது எங்கள் கால்மிதி மேல் காலைத் தூக்கும். அவர் உள்ளே வருவார். பழுப்புத் தோல் செருப்பு, குதிகால் பக்கம் தேய்ந்தது. மழைக்காலத்தில் அது சப்புச் சப்பென்று சத்தம் போடும். வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் ஒரு வரிசைச் சுவடு, சமையலறையிலிருந்து வாசல் வரைக்கும் இன்னொரு வரிசை. டேங்க் நிரம்பியதும் நிறுத்த வருவார், மறுபடியும் இரண்டு வரிசை.

அந்தத் தரையில்தான் நாங்கள் தட்டு வைத்துச் சோறு தின்கிறோம். அந்தத் தரையில்தான் பாய் விரித்துப் படுக்கிறோம்.

கழட்டச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் செருப்பைக் கழட்டு என்று சொல்வதில்லை. சொன்னால், உன்னை வளர்த்தவர்கள் சரியில்லை என்று சொன்ன மாதிரி. அதற்குப் பதிலாக வாசலில் வாளியும் சொம்பும் இருக்கும். "கைகால் கழுவுங்க" என்போம். வருகிறவர் புரிந்துகொள்வார். இதில் ஒரு நாடகமும் உண்டு. வந்தவர் வாசலில் நின்று தன் காலைப் பார்ப்பார். வீட்டுக்காரர் உடனே "அட பரவால்லீங்க, அப்படியே வாங்க" என்பார். சொல்லிவிட்டாரே என்று அப்படியே வருகிறவன் மனுஷனே இல்லை. அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டே கழட்டிவிட்டு வருவதுதான் மரியாதை. என் அண்ணன் தமிழ்நாட்டில் என் பிறந்த வீட்டிலிருந்து பாலாறு செக்போஸ்ட் தாண்டி பஸ்ஸில் வருகிற ஆள், பசியில் கண் இருட்டினாலும் கேட்டுக்குப் பக்கத்திலேயே செருப்பை விட்டுவிட்டுத்தான் வருவான். அது அவன் கூடப் பிறந்தவள் வீடு.

நாங்கள் குடிவந்த அன்று ஓனர் வாசலில் நின்று தன் காலைப் பார்த்தார். என் கணவர் பழக்கதோஷத்தில் "பரவால்லீங்க சார், அப்படியே வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் பட்டா மாதிரி வைத்துக்கொண்டார்.

ஜாடை காட்டாமல் இல்லை. எங்கள் செருப்புகளை வாசலில் அவர் கண்ணில் படுகிற மாதிரி வரிசையாக வைத்தேன். அவற்றைத் தாண்டி வந்தார். வாளியில் தண்ணீர் வைத்தேன், நாய் குடித்தது. செருப்பு ஸ்டாண்ட் ஒன்று வாங்கி வைத்தேன். ஈரக் குடையை அதில் சாய்த்துவிட்டு, "நல்ல ஐடியா பண்ணீங்கம்மா" என்று பாராட்டினார். அவர் இருக்கும்போதே அவருக்குப் பின்னாலேயே மாப் போட்டுத் துடைத்தேன். "க்ளீனா வெச்சிருக்கீங்க, வெரிகுட்" என்றார். எருமைக்குக்கூட இதைவிடச் சொரணை இருக்கும்.

மேலே அவர் வீட்டுச் சட்டம் வேறு. எங்கள் செருப்பு மாடிப்படியில்கூட ஏறக்கூடாது, கீழேயே விட்டுவிட வேண்டும். எனக்குப் பேரன் பிறந்தபோது இனிப்பு கொடுக்கப் போனேன். வெறுங்காலோடு ஏறிப்போய்க் கதவருகில் நின்றேன். ஓனரம்மா டப்பாவை வாங்கி, "சந்தோஷம், சந்தோஷம்" என்றார். பாதிப்படி இறங்கிய பிறகு டப்பாவைத் திருப்பி வாங்காமல் வந்தது நினைவு வந்து திரும்பினேன். நான் நின்ற இடத்தை அந்த அம்மா ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது. "எறும்பு வந்துடும், அதான்" என்றார். டப்பாவை அதுவரை திறக்கவே இல்லை. எறும்பாம்.

நான் கீழே வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் டி.வி.யைப் பார்த்துக்கொண்டே, "உடு புள்ள, பெரியவங்க அப்படித்தான்" என்றார்.

"என்ன பெரியவங்க? நான் நின்ன எடத்த தொடைக்கறாங்க. அந்தாளு நாய்ப்பீய மிதிச்ச காலோட என்ற அடுப்பு வரைக்கும் வர்றாரு."

"சொல்லிப்போட்டு எங்க போறது? கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு வீடு தேடுவியா நீ? மாப்ள லீவுல வர்ற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இரு."

அதுதான் விஷயம். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். மகளும் பேரனும் எங்களோடுதான் இருந்தார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி, நாங்கள் கறி தின்போம், பரவாயில்லையா என்று கேட்டு நிற்பதை நினைத்தால் எனக்கும் பயம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

பேரன் தவழ ஆரம்பித்தான். தவழ்கிற குழந்தைக்குத் தரைதான் உலகம். கையை ஊன்றும், அந்தக் கையையே வாயில் வைக்கும். ஓனர் வருவதற்கு முன்னால் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வோம். அவர் போனதும் டெட்டால் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் இறக்குவோம். அவர் வருகிற நேரத்தைச் சுற்றியே எங்கள் காலைப்பொழுது ஓடியது. மகள் அவரைப் 'பேஷண்ட்' என்பாள். "அம்மா, பேஷண்ட் வந்துட்டுப் போயாச்சு, வார்டக் கழுவு." சிரிப்போம். சிரித்தாலும் உள்ளே எரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராத்திரியெல்லாம் மழை. நான் அடுப்பில் கோழி ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். மகள் குளிக்கப் போயிருந்தாள். என் கணவர் ஹாலில் குழந்தையைத் துணி விரித்து விட்டிருந்தார். அன்றைக்கு ஓனர் வழக்கத்தைவிட முன்னாலேயே வந்துவிட்டார். "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே குழந்தை விரிப்பின் ஓரத்தை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தார். என் கணவர் எழுந்து நின்று, "வாங்க சார்" என்றார். எழுந்து நின்றாரே தவிரக் குழந்தையைத் தூக்கவில்லை.

வாடை எனக்கு முதலில் வந்தது. கோழி ரசத்தின் மணத்தையும் மீறி வந்தது. திரும்பிப் பார்த்தேன். விரிப்பின் ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாக ஒரு குதிகால் அடையாளம். குழந்தை அதில் கையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டின கையைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோனான்.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கையைப் பிடித்துவிட்டேன், ஆனால் உதட்டில் பட்டிருந்தது. என் முந்தானையால் துடைத்தேன். குழந்தை வீறிட்டான். மகள் ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, "அய்யோ" என்று கத்திக்கொண்டே அவனை வாங்கிக் குழாய்க்கு ஓடினாள். ஓனர் அதற்குள் சமையலறை வாசலுக்குப் போயிருந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன்.

"செருப்பக் கழட்டுங்க."

"ஏன்? என்ன ஆச்சு?"

"நாய்ப்பீ ஆச்சு. என்ற பேரன் வாயில ஆச்சு. கழட்டி வெளிய போட்டுட்டு அப்பறம் சுவிட்சப் போடுங்க."

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு என் தரையிலேயே தேய்த்தார். அதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"கொழந்தைய நீங்க பாத்துக்கணும். இது என் வீடு, நான் எப்படி வேணா வருவேன்."

"வீடு உங்குளுதுதான். கூட்டறதும் தொடைக்கறதும் நானு. உங்க வீட்டுக்கு நான் செருப்போட வந்தா உடுவீங்களா?"

"அது வேற, இது வேற. அல்வா, இல்லியா?" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "நீங்க கறி, மீனு எல்லாம் வெட்டற தரை. அதுல நான் வெறுங்கால வெச்சா மேல போய் மறுபடி குளிக்கணும். அதுக்குத்தான் போட்டுக்கிட்டு வர்றேன். தப்பா எடுத்துக்காதீங்க."

இத்தனை நாளும் அவர் மறதிக்காரர் என்று நினைத்திருந்தேன். சொரணையில்லாதவர் என்று நினைத்திருந்தேன். அவர் யோசித்துத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். நாய் கழிந்தது அவர் செருப்புக்கு ஆகும், நான் துடைத்த தரை அவர் காலுக்கு ஆகாது.

"நாய்ப்பீயோட என்ற வீட்டுக்குள்ள நடப்பீங்க, வெறுங்கால வெச்சா தீட்டா? தூ!" என்றேன். துப்பவில்லை. சத்தம் மட்டும்தான்.

என் கணவர் "ஏய், ஏய்" என்றார்.

ஓனர் என் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "வீட்ட காலி பண்ணுங்க. அடுத்த மாசம்."

"பண்றோம். இப்ப கழட்டிட்டு உள்ள வர்றீங்களா, அப்படியே வெளிய போறீங்களா?"

வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து ஓனரம்மா குரல்: "ரீ, நீரு பர்த்தா இல்லா!" தண்ணீர் வரவில்லை. டேங்க் காலி. ஓனர் எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்தார். நிலைக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மேலே மறுபடி கத்தல்.

"நீங்களே போட்டுடுங்க" என்றார்.

போட்டேன். முதல் நாளே போடுகிறேன் என்று சொன்னவள்தானே நான். அதற்குப் பிறகு அங்கிருந்த நாள்வரை காலையில் கேட்டுக்கு வெளியே நின்று "அம்மா, மோட்டார்!" என்று குரல் கொடுப்பார். நான் போடுவேன். மோட்டார் ஒன்றும் சுட்டுப்போகவில்லை.

குழந்தைக்கு இரண்டு நாள் வயிறு கலங்கி, டாக்டரிடம் ஓடி, சரியானது. நாங்கள் வீடு தேடினோம். நான் பயந்தபடியே, பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வாசலாகக் கேட்டேன். ஒரு அம்மா, "எக் மட்டும்னா ஓகே" என்றார். கடைசியில் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. என் கணவர் தேடின நாளெல்லாம் என்னோடு சரியாகப் பேசவில்லை. உன் வாயால்தான் என்று சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரிதான் சோறு தின்றார்.

காலி செய்கிற அன்று, சாமானெல்லாம் டெம்போவில் ஏறியாயிற்று. ஓனர் கேட்டருகில் நின்றார். அதே செருப்பு. பக்கத்தில் ஒரு வேலைக்காரம்மா, கையில் ஃபினாயில் டப்பா. வீடு காலியாகி மூச்சுவிடவில்லை, அதற்குள் கழுவ ஆள் தயார். நான் குழந்தையோடு டெம்போவுக்குப் பக்கத்தில் நின்றேன். என் கணவர் சாவியை நீட்டினார்.

ஓனர் கையை நீட்டவில்லை. "அங்க வாசப்படில, கீழ வெச்சுடுங்க" என்றார்.

என் கணவர் நீட்டின கையோடு நின்றார். யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்கிற மனிதர், எதற்கும் பரவால்லீங்க என்கிற மனிதர். அவர் காது சிவந்தது.

"கீழயா? கறி திங்கற தரைங்களே சார். வெச்சா எடுப்பீங்களா?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். வாசலில் தன் செருப்பைக் கழட்டினார். காலி வீடுதான், இனிமேல் எங்கள் வீடும் இல்லை, ஆனாலும் கழட்டினார். உள்ளே போய்விட்டு வெறுங்கையோடு வந்தார்.

"சாவி மோட்டார் சுவிட்ச் மேல தொங்குதுங்க. நீங்களே போய் எடுத்துக்கங்க. கழட்டிட்டுப் போறதோ போட்டுட்டுப் போறதோ, உங்க இஷ்டம்."

டெம்போ கிளம்பியது. திருப்பத்தில் நான் பார்த்தபோது ஓனர் எங்கள் பழைய வாசலில் நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி உள்ளே போனார் என்று எனக்குத் தெரியாது. வேலைக்காரம்மாவைக்கூட அனுப்பியிருப்பார். என் கணவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு டிரைவரிடம், "மெதுவா போங்க, கொழந்த இருக்குது" என்றார். நான் என் செருப்பை டெம்போவிலேயே கழட்டிவிட்டேன். அதன் அடியில் அந்தக் கேட்டுக்கு முன்னால் இருந்த மண் ஒட்டியிருந்தது. போகிற வழியிலேயே அதைத் தட்டிவிட்டேன்.