செத்தவீட்டில் அம்மா தேடிய முகம்

டோர்செட் பார்க்கில் அம்மாவின் அடுக்குமாடிக்குப் பக்கத்தில் ஒரு சலூன் இருந்தது. அதை நடத்தியவர் கறுப்பினப் பெண். தான் பெண்ணைக் காதலிக்கும் பெண் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கத்தில் முதலில் கடை திறந்தவர் அவர்தான். கல்லெறிந்து கண்ணாடியை உடைத்தார்கள். மறுநாளே புதுக் கண்ணாடி போட்டுக் கடையைத் திறந்தார். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பெண்பிள்ளைகளைப் பின்னறையில் கூட்டிவைத்துச் சோறு போட்டார். அவர்களுக்கு வீடு கேட்டு நகரசபையில் போய்ச் சண்டை பிடித்தார்.

நானும் அந்தப் பின்னறைக்குப் போனவள்தான். என்னை யாரும் துரத்தவில்லை. அம்மா அதைவிடக் கெட்டிக்காரி. மிசிசாகாவில் என்னோடு வாழ்பவளை இன்றைக்கும் "உன்ர ரூம்மேற்" என்றுதான் சொல்லுவார். "ரூம்மேற் இல்லையம்மா, என்ர மனுசி" என்று சொன்ன அன்று, "புட்டு ஆறுது, சாப்பிட வா" என்றார். அவள் சாப்பிட்டாளா என்று ஒருநாளாவது அம்மா கேட்கமாட்டாரா என்று ஏங்கிப்போயிருக்கிறேன். சலூன்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார், "உன்னவள் எப்படி இருக்கிறாள்?" என்று. அதைக் கேட்பதற்காகவே தலையில் முடி இல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

அம்மாவும் அங்கேதான் முடி வெட்டுவித்துக்கொள்வார். கவுண்டரில் இருக்கும் துணைவியைக் காட்டி, "சிஸ்டரோ?" என்பார். "மை வைஃப்" என்று சலூன்காரர் திருத்துவார். "ஓம், ஓம், சிஸ்டர்" என்று அம்மா தலையாட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சலூன்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

போன பனிக்காலத்தில் அவர் இறந்துபோனார். இறுதிச்சடங்கு மண்டபத்தில், வெளியூரிலிருந்து வந்த சகோதரர்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். துணைவியைப் பின்னால், சிநேகிதர்களோடு இருத்திவிட்டார்கள். அம்மா வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். செத்தவீட்டில் யாரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் என்பதில் எங்கள் ஆட்கள் பிழைவிடமாட்டார்கள். கைநீட்டிய சகோதரர்களைத் தாண்டிப்போய், பின்னால் துணைவிக்குப் பக்கத்தில் இருந்து அந்த மனுசியைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ பிள்ளை, உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாவே!"

தமிழிலேயே அழுதார். பிறகு எழுந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியே நடந்தார்.

துணைவி பதறிப்போய் என்னிடம் வந்தார். அம்மாவுக்குக் கோபமா, ஏன் சொல்லாமல் போகிறார் என்று கேட்டார். சாவு நடந்த வீட்டாரிடம் "போயிட்டு வாறன்" என்று நாங்கள் சொல்வதில்லை, அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வரக்கூடாது என்பதற்காக, என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்படியென்றால், இது என் வீட்டுச் சாவு என்று உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது" என்றார். அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

காரில் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பாவம். இனி அவவுக்கு ஆர் இருக்கினம்?"

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நான் செத்தா அவளையும் இப்பிடிக் கட்டிப்பிடிப்பீங்களோ?"

"விசர்க்கதை கதையாதை. ரோட்டைப் பார்த்து ஓடு."

ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கண்ணீர் மறைத்தது. அம்மா கட்டிப்பிடிப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்க்க நான் உயிரோடு இருக்கவேண்டும்.