சுற்றிய பூசணிக்காய்

கற்பூரம் அணைவதற்குள் குறுக்கே வந்து நின்றுவிடுவார் தையல்நாயகி. "சுத்தனது சுத்திட்ட இல்ல? பட்ட கண்ணெல்லாம் போயிருக்கும். ஒடைக்காத, இங்க குடு." அமாவாசை மாலைகளில் திண்டிவனம் கடைத்தெருவில் இதுதான் அவர் வேலை. திருஷ்டி கழித்த பூசணிக்காயை நடுச்சாலையில் உடைக்கப் போகும் கடைக்காரரை மறித்து, காயை வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சிலர் சிரித்தபடி தருவார்கள். சிலர் திட்டிவிட்டு உடைப்பார்கள். அப்போது துடைப்பத்தோடு வந்து சிதறலை ஓரம் தள்ளுவார். அப்படியொரு சிதறலில் ஸ்கூட்டி வழுக்கித்தான் அவருடைய இடது மணிக்கட்டு கோணிப்போனது. "உன் கடைக்கி திருஷ்டி போச்சி, எனக்குக் கை போச்சி" என்று அதைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். மறுநாள் அங்கே பூசணிக் கூட்டு. காய் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவே மாட்டார். "குங்குமம் வெச்ச எடத்த வெட்டிட்டேன். மிச்சம் வெறும் காயிதான். வாணாம்னா பொரியல் இருக்குது." நமக்கெதுக்கு வம்பு என்று முதல்முறை நான் பொரியலோடு நிறுத்திக்கொண்டேன். இப்போதெல்லாம் கூட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன்.

கேள்வி கேட்காமல் இருக்க அவரால் முடியாது. கோயில், மாதா கோயில் என்ற பேதமும் கிடையாது. "மெழுகுவத்தி ஏத்தனா பாஸாவும்னா, புள்ள எதுக்கு கண்ணு முழிச்சிக்கினு படிக்கணும்?" என்று பக்கத்து வீட்டு லூர்துமேரியை மடக்குவார். மடக்கிவிட்டு, அவர் தரும் கேக்கையும் ரசித்துத் தின்பார். பூசாரியிடமும் இதே கதைதான். வாதம் முடிந்ததும் பொங்கல். யாருக்கும் அவர்மேல் கோபம் நிற்பதில்லை.

போன வளர்பிறையில் அவர் மகள் கலைப்பிரியாவைப் பெண் பார்க்கக் காணை கிராமத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பிரவீன்குமார் அவளே விரும்பிய பையன். அவன் அம்மா அம்சவள்ளியோ, பூனை குறுக்கே போனால் பஸ்ஸையே விட்டுவிடுகிறவர்.

"இன்னிக்கி ஒரு நாளு வாய மூடிக்கினு இரும்மா. அவங்க வாணாம்னுட்டா நான் என்னா பண்ணுவேன்?" என்று கலைப்பிரியா கெஞ்சினாள். தையல்நாயகி தலையாட்டினார். தெருக்காரன் என்ற உரிமையில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன்.

காசி அல்வா வந்தது. அம்சவள்ளி ஒரு வாய் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "எந்தக் கடைங்க?"

"ஊட்ல கிண்டனதுதாங்க."

"பூசணிக்கா நல்லா பாத்து வாங்கியிருக்கீங்க."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தையல்நாயகி மகளைப் பார்த்தார்.

"வாங்கலீங்க. அமாவாசைக்கி கடைல சுத்தனது. ரோட்ல ஒடைக்க உடாம எடுத்தாந்துட்டேன்."

கலைப்பிரியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிரவீன்குமாரின் அப்பா வாயில் போட்டதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"திருஷ்டி கழிச்சதையா எங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் அம்சவள்ளி.

"பொய் சொல்லி சம்பந்தம் பண்ண மனசு வர்லீங்க. நாங்க வருசக்கணக்கா துன்னுக்கினு இருக்கறோம். நல்லாத்தான இருக்கறோம்?"

அம்சவள்ளி தையல்நாயகியை ஏற இறங்கப் பார்த்தார். கலைப்பிரியாவைப் பார்த்தார். பிறகு தட்டோரத்தில் ஒட்டியிருந்ததை ஸ்பூனால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, கணவர் பக்கம் திரும்பாமலே, காலித் தட்டைச் சம்பந்தியிடம் நீட்டினார்.